நெரிசலான துறையில் நங்கூரம்: எந்தச் சிக்கலுக்கு எங்கே கை வைப்பது

நெரிசலான துறையில் தகராறு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும். ஒருவர் மேல்தளத்துக்கு வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார். எதிரே இருப்பவர் இரண்டு கையையும் விரிப்பார். நடுவில் இருக்கும் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். அந்த இரண்டு இடத்திலும் நான் நின்றிருக்கிறேன். தப்பு என் பக்கம் இருந்த தடவைகளும் கொஞ்சமில்லை.

நான் பார்த்தவரை நங்கூரம் மட்டமானது என்பதால் வந்த சிக்கல் குறைவு. பக்கத்துப் படகின் நங்கூரம் எங்கே கிடக்கிறது, எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார் என்று கேட்காமல் பாய்ச்சியதால் வந்ததுதான் அதிகம். கண்ணுக்குத் தெரிவது படகுதான். இடம் பிடித்திருப்பது தண்ணீருக்கடியில் கிடக்கும் நங்கூரம். அதனால் கீழே எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒரு கேள்வி கூடவே வரும்: "எவ்வளவு விட்டிருக்கீங்க?"

இன்னொன்றும் எல்லாவற்றுக்கும் பொது. முதலில் வந்து பாய்ச்சியவருக்கே இடம். பிறகு வந்தவர்தான் விலக வேண்டும். அவர் படகு பெரியதா, அவருக்கு அவசரமா என்பதெல்லாம் கணக்கில்லை. ஆனால் முதலில் வந்தவரின் நங்கூரம் பிடி விட்டு இழுபட ஆரம்பித்தால் அந்த உரிமையும் கூடவே இழுபட்டுப் போகும்.

சொல் பற்றி ஒரு வரி. அணியம் என்று சொல்வது படகின் முன்முனை. நங்கூரத்தையும் படகையும் இணைப்பது சங்கிலியானாலும் கயிறானாலும், இங்கே வடம் என்றே சொல்கிறேன்.

## பக்கத்துப் படகு நெருங்கி வருகிறது

வாயைத் திறக்குமுன் யார் நகர்கிறார் என்று பாருங்கள். தண்ணீரில் எல்லோருக்கும் தான் நிற்பதாகவும் மற்றவர் வருவதாகவும்தான் தோன்றும்.

ஒருமுறை நள்ளிரவில் எழுந்து பார்த்தபோது பின்னால் நின்ற படகின் அணியம் எங்கள் பின்புறத்துக்கு இரண்டு ஆள் நீளத்தில் இருந்தது. டார்ச் அடித்து அவரை எழுப்பினேன், கொஞ்சம் கோபமாகவே. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கரையைக் காட்டினார். "அந்தப் பச்சை லைட்டு சாயங்காலம் தண்ணித் தொட்டிக்கு நேரா இருந்துச்சு. எனக்கு இப்பவும் அங்கதாங்க இருக்கு. உங்களுக்கு?" நான் சாயங்காலம் எதையுமே நேர் பார்த்து வைத்திருக்கவில்லை. ஜிபிஎஸ்ஸைத் திறந்து பார்த்தபோது நாங்கள் 40 மீட்டர் பின்னால் வந்திருந்தோம்.

அவர் செய்ததுதான் முதல் சோதனை. கரையில் அசையாத இரண்டு பொருள்களை, ஒன்றின் பின்னால் ஒன்று வரும்படி நேர் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும்; படகு பின்னால் நழுவுவதை நேர் முன்னால் இருக்கும் குறி காட்டிக் கொடுக்காது. படகு ஆடும்போது அந்த நேர்கோடு விலகும், திரும்பி வரும். விலகியது திரும்பாமல் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் இழுபடுகிறீர்கள். ஐந்து நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை, தொடுவது. அணியத்து உருளைக்கு வெளியே தொங்கும் வடத்தின் மேல் உள்ளங்கையை வையுங்கள். விரல் உருளைக்கு நடுவில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்ல இறுகி மெல்லத் தளர்ந்தால் பிடித்திருக்கிறது. கல் ரோட்டில் கட்டை வண்டி ஓடுவதுபோல் நடுங்கி, ஒரு வெட்டு இழுத்து, சட்டென்று விட்டு, மறுபடி வெட்டினால் நங்கூரம் தரையில் துள்ளிக்கொண்டு வருகிறது. பாறையும் கல்லுமான அடித்தளத்தில் சங்கிலி மட்டும் உரசினாலும் இதே நடுக்கம் வரும். அதனால் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாமல் கரைக்குறியோடு சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஜிபிஎஸ் அலாரம்; குறித்த வட்டத்தைப் படகு தாண்டினால் ஒலிக்கும். பலர் பாய்ச்சி, பின்னால் வந்து, இன்ஜினை நிறுத்தி, டீ குடித்த பிறகு அலாரத்தை வைக்கிறார்கள். அப்போது வட்டத்தின் மையம் படகில் விழுகிறது. நங்கூரம் கிடக்கும் இடமே மையமாக இருக்க வேண்டும். அது தரையைத் தொட்ட நொடியில் புள்ளியைக் குறியுங்கள். மையம் தப்பான அலாரம் காற்றுத் திரும்பும்போதெல்லாம் கத்தும். மூன்றாவது தடவை யாராவது அதை அணைத்துவிட்டுத் தூங்குவார்.

### இழுபடுவது நீங்கள்தான் என்றால்

செலவில்லாதது, இன்னும் வடம் விடுவது. பின்னால் இடம் இருந்தால் மட்டும். விடுமுன் கணக்கைச் சரிபாருங்கள், ஏனென்றால் பலமுறை தப்பு இங்கேதான் இருக்கிறது. ஆழமானி 3 மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். அது மேற்பரப்பிலிருந்தா, படகின் அடிக்கட்டைக்குக் கீழேயிருந்தா? அடிக்கட்டைக்குக் கீழே என்றால், 2 மீட்டர் மூழ்கி நிற்கும் படகுக்கு உண்மையான ஆழம் 5. தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரம் 1. ஆக 6 மீட்டர். 30 மீட்டர் சங்கிலி விட்டால் ஐந்து மடங்கு, போதும். நீரேற்றத்தில் தண்ணீர் 2 மீட்டர் ஏறியதும் 6 என்பது 8 ஆகிறது. அதே 30 மீட்டர் இப்போது நான்கு மடங்குகூட இல்லை. மாலையில் பிடித்த நங்கூரம் நள்ளிரவில் விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் கூடுதல் என்பதால் அந்த நாட்களில் இன்னும் மோசம்.

முழுச் சங்கிலிக்கு ஐந்து மடங்கு, கயிறும் சங்கிலியும் கலந்திருந்தால் ஏழு, பலத்த காற்று வரும் என்றால் பத்து வரை. எப்போதும் நீரேற்ற உச்சத்தின் ஆழத்தை வைத்தே பெருக்க வேண்டும். காற்றின் வேகம் 10 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் ஒரு நாட்) என்பதிலிருந்து 20 நாட் ஆக ஏறினால் படகைத் தள்ளும் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

பின்னால் இடமில்லையா? இன்ஜினைப் போட்டு மெல்ல முன்னோக்கி ஓட்டி, வடத்தின் மேல் இருக்கும் பளுவைக் குறையுங்கள். அது நேரம் வாங்குவதற்கு மட்டும்தான். அடுத்து எடுத்து மறுபடி பாய்ச்ச வேண்டும். இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். இருட்டு, மழை, எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு கால்மணியும் வேலையைக் கடினமாக்கும். தூக்கினால் இருட்டில் பழைய சந்துக்குள்ளேயே நுழையாதீர்கள். கூட்டத்துக்கு வெளியே, ஆழம் கூடுதலானாலும், போய்ப் பாய்ச்சுங்கள்.

இரண்டாவது நங்கூரம் கடைசி யோசனையாக இருக்கட்டும். சுற்றிலும் எல்லோரும் ஒற்றை நங்கூரத்தில் சுற்றும்போது நீங்கள் மட்டும் இரண்டில் கட்டுண்டு நின்றால், காற்றுத் திரும்பியதும் அவர்கள் உங்கள் மேல்தான் வருவார்கள். பெரிய நங்கூரம் வாங்குவது அதற்கும் அப்புறம்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: இன்ஜின் கிளம்பவில்லை, வடமும் பிடிக்கவில்லை என்றால் மோதிய பிறகு அல்ல, மோதுவதற்கு முன்பே விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலிலோ துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் சேனலிலோ சொல்லுங்கள். "இழுபடுகிறேன், இன்ஜின் இல்லை, எனக்குப் பின்னால் இத்தனை படகு" என்றால் போதும்.

### இழுபடுவது அவர் என்றால்

முதலில் மோதலைத் தாங்கும் மெத்தையான ஃபெண்டரை எடுத்து அவர் வரும் பக்கம் தொங்கவிடுங்கள். பிறகு ஹாரன், டார்ச், ரேடியோ. ஃபெண்டர் முதலில் ஏன் என்றால், தூங்குகிறவரை எழுப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. காலை வைத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். பத்து டன் படகுக்குக் கால் ஒரு பொருட்டல்ல.

படகில் ஆளே இல்லை என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். நல்ல எண்ணத்தில் ஏறினாலும் அது இன்னொருவர் சொத்து. முதலில் துறைமுகத்துக்குச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு இருவராகப் போங்கள். பெரும்பாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவர் அணியத்தில் இன்னும் வடம் இருந்தால், பின்னால் இடமும் இருந்தால், கொஞ்சம் விட்டு மறுபடி கட்டுவது. அவர் இன்ஜினைக் கிளப்புவது, அவர் படகை உங்கள் நங்கூரத்தில் கட்டிக்கொள்வது இரண்டும் வேண்டாம். பலத்த காற்றில் ஒரே நங்கூரத்தில் இரண்டு படகு தொங்கினால் கரை தட்டுவது இரண்டும்தான்.

### இரண்டு பேருமே இழுபடவில்லை, ஆனாலும் உரசப் பார்க்கிறது

அப்படியானால் சுழலும் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. மேலே சொன்ன அதே 8 மீட்டர் கணக்கில் ஐந்து மடங்கு சங்கிலி 40 மீட்டர். 11 மீட்டர் படகையும் சேர்த்தால் நங்கூரத்தைச் சுற்றி சுமார் 50 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். பக்கத்தில் இருப்பவர் கயிற்றில் ஏழு மடங்கு விட்டிருந்தால் அவருடையது 66 மீட்டரைத் தொடும். நீங்கள் பாய்ச்சியபோது இடைவெளி தாராளமாகத் தெரிந்திருக்கலாம். அது காற்று ஒரே பக்கம் அடித்ததால்.

இப்போது கேள்வியைக் கேளுங்கள். "அண்ணே, எவ்வளவு விட்டிருக்கீங்க? நான் 40 விட்டிருக்கேன், நங்கூரம் அந்த மஞ்சள் மிதவைக்கு இந்தப் பக்கம் கிடக்கு." உங்கள் கணக்கைச் சேர்த்துச் சொல்லிக் கேட்டால் அது சண்டைக்கான அழைப்பாகத் தெரியாது. அமைதியான வானிலை என்றால் இருவரும் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு இரவை ஓட்டலாம். காற்று வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் பிறகு வந்தவர் வெளிச்சம் இருக்கும்போதே நகர வேண்டும்.

## பின்னால் இழுத்தால் நங்கூரம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது

பாய்ச்சும் விதத்தைப் பாருங்கள். படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே நங்கூரத்தைப் போட்டு, அதன் தலையில் சங்கிலியை ஒரே குவியலாகக் கொட்டினால் அது சங்கிலியில் சிக்கிக்கொண்டு படுத்தே இருக்கும். காற்றுக்கு எதிரே வந்து முழுக்க நில்லுங்கள். நங்கூரம் தரையைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். படகு தானாகப் பின்னால் போகத் தொடங்கியதும் அதன் வேகத்துக்கு ஏற்றபடி வடத்தை நீட்டுங்கள். முழுதும் விட்ட பிறகு பின்னோக்கி கியர், முதலில் மெதுவாக. வடம் இறுகி அணியம் அந்தப் பக்கம் திரும்பியதும்தான் வேகத்தைக் கூட்டி அரை நிமிடம் பிடித்து வையுங்கள். பக்கவாட்டுக் குறி நகராமல் நின்றால் பிடித்துவிட்டது. சின்ன வடத்தில் எடுத்தவுடன் முழு வேகத்தில் பின்னால் இழுப்பது நங்கூரத்தைப் பிடுங்குவதற்குச் சமம்.

அது சரியாக இருந்தால் தூக்கிப் பாருங்கள், என்ன வருகிறது என்று. கடற்புல் கட்டாக வந்தால் தரை தெரியும் திட்டாகத் தேடி நகருங்கள். புல்லின் மேல் கிடக்கும் நங்கூரம் இன்று பிடித்ததுபோல் ஏமாற்றிவிட்டு நாளை விடும், புல்லும் வேரோடு போகும். பிளாஸ்டிக் பை, பழைய வலை, சிப்பி எதுவானாலும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். ஒருமுறை எனக்கு ஒரு பெயிண்ட் டப்பா வந்தது, நங்கூரத்தின் அலகில், அதாவது தரையில் புதையும் பகுதியில், தொப்பி மாட்டியதுபோல் கச்சிதமாக. அதோடு அரைமணி போராடியிருந்தோம்.

தட்டை அலகு மடங்கும் டான்ஃபோர்த் வகை மணலிலும் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அலகுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு கல் மாட்டினால் மடங்காது. காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் பிடுங்கிக்கொண்டு மறுபடி புதையாமலும் போகலாம். நெரிசலில் முதன்மை நங்கூரமாக அதை நான் வைப்பதில்லை. கெட்டியான தரையில் எந்த நங்கூரமும் சறுக்கலாம்.

மூன்று தடவை போட்டும் பிடிக்கவில்லை என்றால் நான்காவது அதே இடத்தில் வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். பக்கத்தார் பார்ப்பார்கள்தான். மூன்று தடவை முயல்கிறவரைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. ஒரே தடவையில் சங்கிலியைக் கொட்டிவிட்டு டிங்கியில், அதாவது சின்னத் துணைப்படகில், ஏறிக் கரைக்குப் போகிறவரைப் பார்த்துத்தான் கவலைப்படுவோம்.

## காற்று விழுந்ததும் ஒவ்வொரு படகும் ஒவ்வொரு பக்கம் பார்க்கிறது

காற்று இருக்கும்போது எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து நிற்கும். அது ஓய்ந்து நீரோட்டம் மேலோங்கினால் ஆழமான அடிக்கட்டை உள்ள பாய்ப்படகு நீரோட்டத்தின் சொல் கேட்கும். மேலே உயரமும் கீழே ஆழமில்லாமலும் இருக்கும் மோட்டார் படகு, எஞ்சியிருக்கும் கொஞ்சக் காற்றின் சொல் கேட்கும். இரண்டும் பின்புறம் பின்புறமாக வந்து முட்டும். சங்கிலிக்காரர் தரையில் கிடக்கும் தன் சங்கிலிக் குவியலின் மேலேயே சோம்பலாக நிற்பார். கயிற்றுக்காரர் தோட்டம் முழுக்கச் சுற்றுவார்.

இது கோளாறு அல்ல, யார் தப்பும் அல்ல. மோதும் வேகமும் மிகக் குறைவு. ஃபெண்டர் போட்டு, கையால் மெல்ல விலக்கி, காற்று வரும்வரை பேசிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதே இடத்தில் பல நாள் தங்குவதாக இருந்தால் உங்களைப் போன்ற படகுகளின் பக்கம் போங்கள். நிரந்தர மிதவைகளில் கட்டிய படகுகள் மிகச் சின்ன வட்டத்தில்தான் சுற்றும். அவற்றின் நடுவில் நங்கூரத்தில் நிற்பவர் எப்படிக் கணக்குப் போட்டாலும் தோற்பார். தரையில் கிடக்கும் அவர்கள் சங்கிலியில் நங்கூரம் மாட்டும் என்பது தனி.

## படகு வலமும் இடமுமாக வீசி ஆடுகிறது

ஒற்றை நங்கூரத்தில் சில படகுகள் பலத்த காற்றில் ஊஞ்சல்போல் வீசும். பக்கத்தாருக்குத் தலைவலி, உங்கள் நங்கூரத்துக்கும். எளியது: அணியத்தில் மேலே இருக்கும் பளுவையும் துணியையும் குறைப்பது, சுருட்டிய முன்பாயை இறுகக் கட்டுவது. அடுத்து, சங்கிலியில் கொக்கி போட்ட நைலான் கயிறு ஒன்றை மாட்டிப் படகில் கட்டிச் சங்கிலியைத் தளர்த்திவிடுவது. கயிறு நீண்டு கொடுப்பதால் வெட்டு இழுப்பு அடங்கும், வடத்தைச் சுற்றி இழுக்கும் விஞ்சின் மேல் பளுவும் வராது. இரட்டை உடல் படகு என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் கயிறு வந்து சங்கிலியில் சேர வேண்டும். பின்புறம் ஒரு சின்னப் பாயை விறைப்பாகக் கட்டினால் படகு காற்றுக்கு நேரே நிற்கும். பாய் தைப்பவரிடம் கொடுத்துச் செய்ய வேண்டியது, இந்த வரிசையில் செலவுள்ளது அதுதான்.

## புதிதாக வந்தவர் என் மடியிலேயே பாய்ச்சுகிறார்

அவர் நங்கூரத்தைப் போடும்போது மிக நெருக்கமாகத் தெரியலாம். பாய்ச்சும் இடமும் படகு கடைசியில் நிற்கும் இடமும் வேறு. பொதுவாக உங்கள் பின்புறத்துக்குப் பக்கத்தில் போட்டு அங்கிருந்து பின்னால் போகிறவர் சரியாகத்தான் செய்கிறார். உங்களுக்கு முன்னால், உங்கள் நங்கூரம் கிடக்கும் இடத்தின் மேலேயே வந்து போடுகிறவரிடம்தான் உடனே பேச வேண்டும்.

எழுந்து அணியத்தில் போய் நில்லுங்கள். கத்த வேண்டாம். ஆள் நிற்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார்கள். போகவில்லை என்றால் உங்கள் நங்கூரம் இருக்கும் திசையில் கையை நீட்டிக் காட்டி, "எங்க சங்கிலி 40 மீட்டர், அந்தப் பக்கம் கிடக்கு சார். காத்து திரும்பினா நாம ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். இதை அவர் இன்ஜினை நிறுத்துவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்த பிறகு யாரும் நகர மாட்டார்கள்.

அப்படியும் அசையவில்லையா? ஃபெண்டர் போடுங்கள், நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள், நீங்கள் சொன்னதைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுங்கள். காற்று வரும் இரவு என்றால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நீங்களே நகர்ந்துவிடுவது நல்லது. இந்த அறிவுரையை நானே பல தடவை வயிற்றெரிச்சலோடுதான் கேட்டிருக்கிறேன். துறைமுக அதிகாரியைக் கூப்பிடுவது, அவர் நகர மறுத்து உங்களாலும் நகர முடியாத நிலையில்.

## நங்கூரம் மேலே வர மறுக்கிறது

சேறு உறிஞ்சிப் பிடித்திருக்கலாம். வடம் செங்குத்தாகும் வரை சுருக்கி, படகில் உறுதியாகக் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். அலையில் படகு ஏறி இறங்குவதே நெம்பிவிடும். விஞ்சால் பிடுங்கப் பார்க்காதீர்கள். அது தூக்குவதற்கு, நெம்புவதற்கு அல்ல. அடுத்து, இன்ஜினை மெதுவாக முன்னோக்கி ஓட்டி, பாய்ச்சியபோது இழுத்ததற்கு நேர் எதிர்த்திசையில் இழுங்கள். பாறை இடுக்கில் மாட்டியதற்கும் முதல் மருந்து இதுதான். அதற்கும் வராவிட்டால் கனமான சங்கிலித்துண்டு ஒன்றை வளையமாக்கி, கயிற்றில் கட்டி, செங்குத்தான வடத்தின் வழியே நங்கூரத் தண்டின் கழுத்து வரை இறக்கி, டிங்கியிலிருந்து எதிர்ப்பக்கமாக இழுக்கலாம்.

கொஞ்சம் வந்து பளுவாக நின்றால், மாட்டியிருப்பது இன்னொருவர் சங்கிலி. நெரிசலில் அடிக்கடி நடப்பது. தண்ணீருக்குள் பார்வைக்குத் தெரியும் வரை மெல்லத் தூக்குங்கள். ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் உங்கள் படகில் கட்டுங்கள். இப்போது உங்கள் நங்கூரத்தை ஒரு மீட்டர் இறக்கினால் அவர் சங்கிலி கயிற்றில் தொங்கும், உங்கள் நங்கூரம் கழன்றுகொள்ளும். நங்கூரத்தை மேலே எடுத்த பிறகு கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்து அவர் சங்கிலியைக் கீழே விடுங்கள். கை, விரல் எதுவும் நடுவில் வேண்டாம். நூறு கிலோ சங்கிலி விழும்போது எச்சரிக்காது. இதெல்லாம் தொடங்குமுன் அந்தப் படகுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் தூக்கும்போது பிடி விடுவது அவர் நங்கூரம்தான். அவர் அறியாமல் எடுத்துவிட்டுப் போய், அவர் படகு ராத்திரி அலைந்தால் பழி உங்கள் மேல்.

இதற்காகவே நங்கூரத்தின் தலையில் கயிறு கட்டி மிதவை விடும் பழக்கம் உண்டு. தனி இடத்தில் நல்லது. நெரிசலில் அந்த மிதவையைப் படகு கட்டும் மிதவை என்று நினைத்து ஒருவர் பிடித்துக் கட்டிக்கொள்வார், அல்லது இன்னொருவர் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்வார். கயிறு வேண்டும் என்றே தோன்றினால் அதன் மறுமுனையை மிதக்க விடாமல், நங்கூரத்திலிருந்து ஆழத்தைவிடக் கூடுதலான தூரத்தில் சங்கிலியிலேயே கட்டி வையுங்கள். வடத்தைச் சுருக்கியதும் அது கைக்கு வந்துவிடும்.

வருவது கடலடிக் கேபிள் போலத் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். வெட்டக் கூடாது, மேலும் இழுக்கக் கூடாது. மிதவை கட்டி, இடத்தைக் குறித்து, வடத்தை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குச் சொல்லுங்கள். கேபிளைக் காப்பாற்ற நங்கூரத்தை இழந்தவருக்கு ஈடு கிடைக்க வேண்டும் என்பது 1884ஆம் ஆண்டின் கேபிள் பாதுகாப்பு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. முன்னெச்சரிக்கையோடு நடந்துகொண்டவருக்கு மட்டும்தான். வரைபடத்தில் குறுக்குக் கோடு போட்ட நங்கூரக் குறி இருந்தும் அங்கே பாய்ச்சியவர் ஈடு கேட்டுப் போக முடியாது.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: ஒரு மணிநேரம் போராடியும் வராதது, ஆழத்தில் பழைய சங்கிலிக் கிடங்கே இருப்பதாகத் தோன்றுவது, கேபிள். மூழ்குபவர் ஒருவர் அரைமணியில் முடிக்கும் வேலைக்காக அணியத்தையும் விஞ்சையும் உடைத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே முகமூடி மாட்டி இறங்குவது, தண்ணீர் தெளிவாக, ஆழம் குறைவாக, மேலே ஓர் ஆள் இருக்கும்போது மட்டும். மேலே வடத்தில் பளு இருக்கும்போது ஒருபோதும் வேண்டாம்.

வடத்தின் கடைசி முனையை உள்ளே சங்கிலிப்பெட்டியில் ஷாக்கிள் என்ற இரும்புப் பூட்டு வளையம் போட்டு முடுக்கியிருந்தால் இன்றே மாற்றுங்கள். மேல்தளம் வரை எட்டும் கயிறாக இருந்தால்தான் அவசரத்தில் ஒரு வெட்டில் விட்டுவிட்டுத் தப்பிக்க முடியும்.

## விஞ்ச் சுற்றவில்லை

பிரேக்கர் விழுந்திருக்கும், அது எங்கே இருக்கிறது என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். பிறகு பேட்டரி: இன்ஜினை ஓட்டிக்கொண்டே போட்டுப் பாருங்கள். ஓடுகிறது, சங்கிலி வரவில்லை என்றால் கிளட்ச் தளர்ந்திருக்கும், அல்லது பெட்டிக்குள் சங்கிலி கோபுரமாகக் குவிந்து வாயை அடைத்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தால் ரிலே அல்லது மோட்டார். அது எலெக்ட்ரீஷியன் வேலை. அதுவரை கைப்பிடி. அது எங்கே என்று தெரியாதவர்கள் என்னையும் சேர்த்து நிறையப் பேர்.

## இரவில் டிங்கிகள் என் மேல் மோத வருகின்றன

விளக்கு எரிகிறதா என்று டிங்கியில் இறங்கித் தூரத்திலிருந்து பாருங்கள். உள்ளே சுவிட்ச் போட்டிருக்கிறது என்பது சாட்சியல்ல. அடிக்கடி பார்க்கும் தப்பு, பாய்மரத்து உச்சியில் ஒரே கூட்டில் இருக்கும் விளக்குகளில் சுவிட்சை மாற்றிப் போட்டு, வெள்ளைக்குப் பதில் சிவப்பு பச்சையை எரியவிட்டுத் தூங்குவது. ஓடும் படகு என்று அதற்கு அர்த்தம். 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் 30ஆவது விதிப்படி, 50 மீட்டருக்குக் குறைவான படகு நங்கூரத்தில் நிற்கும்போது எல்லாப் பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கை நன்றாகத் தெரியும் இடத்தில் காட்ட வேண்டும். பகலில் முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து. 7 மீட்டருக்கும் குறைந்த படகுக்குச் சலுகை உண்டு, ஆனால் நங்கூரத் துறையிலோ படகுகள் போய்வரும் வழியிலோ அந்தச் சலுகை இல்லை.

விளக்கு சரியாக எரிந்தும் வருகிறார்கள் என்றால் அது உயரம் அதிகம். டிங்கியில் உட்கார்ந்தவர் 15 மீட்டர் மேலே இருக்கும் விளக்கை நட்சத்திரத்தோடு சேர்த்துவிடுவார். பின்தளத்தில், ஆள் உயரத்தில், மங்கலான இன்னொரு விளக்கு வையுங்கள். சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் தோட்ட விளக்கே போதும்.

## யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் சரியில்லை

பாய் ஏற்றும் கயிறு பாய்மரத்தில் அடிக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குக் கேட்காது, பழகிவிட்டது. மரத்திலிருந்து இழுத்து ஓரமாகக் கட்டுங்கள். ஜெனரேட்டர் என்றால் நேரம் பார்த்து ஓட்டுங்கள். புகை பின்னால் நிற்பவர் ஜன்னலுக்குள்தான் போகிறது. தண்ணீரின் மேல் பேச்சு வெகுதூரம் போகும். புதிதாக வந்த படகைப் பற்றி நீங்கள் மெதுவாகச் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும்.

## துறைமுகத்திலிருந்து நகரச் சொல்கிறார்கள்

நீங்கள் நிற்பது கப்பல் வழி, அல்லது திரும்பும் இடம். குறுகிய கால்வாயில் நங்கூரம் பாய்ச்சுவதைத் தவிர்க்க வேண்டும் என்று அதே மோதல் தடுப்பு விதிகளில் 9ஆவது விதி சொல்கிறது. உள்ளூர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். முதலில் வந்தவன் நான் என்ற வாதம் பக்கத்துப் படகிடம் செல்லும், இவர்களிடம் செல்லாது. எங்கே போகலாம் என்று மட்டும் கேட்டு, "வடம் 40 மீட்டர் வெளியே இருக்கு, எடுக்க இருபது நிமிஷம் ஆகும்" என்று ரேடியோவில் சொல்லிவிட்டு இன்ஜினைப் போடுங்கள்.